இருநூறு சொற்களுக்குள்

தஞ்சாவூர் ஹோட்டல் ஒன்றின் குளிர்ந்த கூடத்தில்
என் பெயரைத் தப்பாக வாசித்தார்கள்.
தையல்நாயகி என்பது
தையல், நாயகி என்று இரண்டு பேரானது.
இரண்டு பேருக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள்.
நடந்து போனேன்.
புதுச் செருப்பு கார்ப்பெட்டில் சத்தமே போடவில்லை.

‘ஆண்டின் சிறந்த இளம் கட்டுமானப் பொறியாளர்.
கடைமடை ரெகுலேட்டர் ஒன்றைத்
தரத்தில் சமரசமின்றிக் கட்டி முடித்தவர்.’
கண்ணாடிக் கேடயம். அறுநூறு கிராம் இருக்கலாம்.
எடையைக் கையால் சொல்ல எனக்குப் பழக்கம்.

சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி
பக்கத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர்,
எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல்.
திருத்துறைப்பூண்டியில் என் வாடகை அறைக் கதவு
காற்றில் அடித்துக்கொள்ளாமல்
ஒன்று முட்டுக் கொடுத்து நிற்கிறது.
மேலே சிவப்பு பெயின்ட்டில்: தூண் இரண்டு, மே பதினேழு.
அதோடு பிறந்த மற்ற மூன்றும்
இருபத்தெட்டாம் நாள் ஆய்வகத்தில் நொறுங்கின.
இருபத்தைந்து வரவேண்டிய இடத்தில் பதினாறு.
மேட்டூர் திறந்து அன்றைக்கு இரண்டு நாள்.

மே பதினேழு நடந்தது இவ்வளவுதான்:
கலவை இறுகிப்போய்
பலகைக்குள் இறங்க மாட்டேன் என்றது.
கிழக்கே ஒரு மின்னல்.
மிக்சர் ஓட்டுகிற வைரக்கண்ணு
வாளியோடு நின்று என்னைப் பார்த்தான்.
அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை.
நானும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
தலை மட்டும் அசைந்தது.

தண்ணீர் சிமென்ட் விகிதம்
ஐந்து மதிப்பெண் கேள்வி. முழுதாக வாங்கியிருந்தேன்.
தண்ணீர் போதாது என்று
மனு மேல் மனுவாக எழுதுகிற ஊரில்
ஒரு வாளி அதிகமானதற்காக ஒரு தூணை இடித்தோம்.

மூன்று நாள் பிரேக்கர் சத்தம்.
கொக்குகள் நாலு வரப்பு தள்ளி உட்கார்ந்தன.
ஒப்பந்தக்காரர் ஜெகபர் என்னை ஒன்றும் சொல்லவில்லை,
நோட்டில் எதையோ கூட்டினார், அடித்தார், மூடினார்.
மறுநாள் மிக்சரில் வேறு ஆள்.

அதற்குள் மேலே தண்ணீர் வந்துவிட்டது.
கொரம்பு போட்டு மறித்தோம். பதினோரு நாள்.
கீழே நூற்றுப் பத்து மா
வாய் பிளந்து கிடந்தது.
தினமும் ஒருத்தர் சைக்கிளில் வந்து
இறங்காமல் ஒரு காலை ஊன்றி
‘இன்னக்கி?’ என்பார்.
இல்லை என்றால்
பெல்லை ஒரு தடவை அடித்துவிட்டுத் திரும்புவார்.

விருது விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது:
எதிர்கொண்ட சவால்கள், இருநூறு சொற்களுக்குள்.
தூண் ஒன்றின் வலு குறைந்ததைக் கண்டறிந்தேன்,
இடித்துக் கட்ட உத்தரவிட்டேன் என்று எழுதினேன்.
காரணம்: கலவையில் நீர் கூடிவிட்டது.
பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள்.
கூடியது, கூட்டியது.
தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவே
ஒரே ஒரு ட்.
அதை எடுத்துவிட்டால்
தண்ணீர் தானாக ஏறி வாளியில் உட்கார்ந்துகொள்கிறது.

பந்தியில் பனீர், ஐஸ்க்ரீம்.
கேடயத்தோடு எடுத்த படத்தை
வைரக்கண்ணுவின் பழைய எண்ணுக்கு அனுப்பினேன்.
ஏன் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள்.
ஒற்றை டிக்.
இன்றைக்கும் ஒற்றை டிக்.

போன வாரம் சங்கத்திலிருந்து போன்:
இந்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு
மாதிரியாக உங்களுடையதைத் தரலாமா மேடம்,
திருத்தம் இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.
மேடம் என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

கட்டத்தைத் திறந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன்.
மாலை ஆறே கால். தண்ணீரை நான் கூட்டினேன்.
ஓரத்தில் ஒரு சின்ன எண் சொல்கிறது:
மீதம் நூற்றுத் தொண்ணூற்று நான்கு சொற்கள்.
அடுத்து அவன் பெயரை எழுத வேண்டும்.
இனிஷியல் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.